பனிக்காலத்தில் ஒரு வார மழை

(மைசூர் ஹெப்பாளில், புதிதாக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் மழையைப் பற்றிப் பேசப் போகிறோம். "மழையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? பெய்தால் நனைகிறோம், நின்றால் காய்கிறோம்" என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நான் பேசப் போவது எல்லா மழையையும் பற்றி அல்ல. ஆடி மழை, ஐப்பசி மழை எல்லாம் வரவேண்டிய காலத்தில் வருகிற மழை. அவற்றுக்கு நாம் தயாராக இருப்போம். பனிக்காலத்தில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், மலைப் பகுதியில் ஒரு வாரம் பெய்யும் மழையைப் பற்றித்தான் இன்று பேச்சு.

அந்த ஒரு வார மழை சிலருக்கு வாழ்வு கொடுக்கும். சிலருக்குச் சோற்றில் மண் போடும். அது எப்படி என்று பார்ப்போம்.

நமக்கு மேலே இருக்கும் மலை

நாம் இருக்கும் ஹெப்பாளில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வீடுகள், கடைகள், சாலைகள் இருக்கின்றன. இங்கே மலை இல்லை. ஆனால் இங்கிருந்து மேற்கே போகும் பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். ஹுன்சூர், பிரியாபட்டணம், குஷால்நகர் தாண்டினால் சாலை மேலே ஏறத் தொடங்கும். சுமார் 120 கிலோமீட்டர் போனால் மடிக்கேரி வரும். அதுதான் குடகு மாவட்டத்தின் தலைநகரம்.

மைசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மடிக்கேரி ஏறக்குறைய 1,150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் மாறினால் மழையும் மாறும். மைசூரில் ஒரு வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மடிக்கேரியில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நமக்குப் பெய்வதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு!

காவிரி பிறக்கும் தலைக்காவிரி அந்தக் குடகில்தான் இருக்கிறது. மைசூர் மக்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி காவிரித் தண்ணீர். ஆகவே மலை தூரத்தில் இருந்தாலும், அங்கே பெய்யும் மழை நம் வீட்டுக் குடத்துக்குள் வந்து சேருகிறது.

குடகு மலையின் முக்கியமான பயிர் காப்பி. காப்பிச் செடிக்கு நிழல் கொடுக்கப் பெரிய மரங்கள் நிற்கும். அந்த மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். நம் நாட்டில் காப்பி அதிகமாக விளையும் மாவட்டம் குடகு. அங்கே வேலை செய்பவர்களில் தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாக லைன் வீடுகளில் இருப்பவர்கள் உண்டு. பழம் பறிக்கும் காலத்தில் மட்டும் கீழ்நாட்டிலிருந்து ஏறிப் போகிறவர்களும் உண்டு. இந்தக் கூட்டத்திலேயே அக்கா, தங்கை, மாமன், மச்சான் என்று மலையில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் சிலர் இருக்கக்கூடும்.

பனிக்காலத்தில் மழை எப்படி வருகிறது?

குடகில் பெரிய மழை ஜூன் மாதம் தொடங்கும். அது தென்மேற்குப் பருவமழை. ஜூலை, ஆகஸ்டில் கொட்டித் தீர்க்கும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் பெய்யும். மார்கழி, தை மாதங்களில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். காலையில் பனி, பகலில் வெயில். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் அங்கே மழை மிகக் குறைவு.

ஆனால் சில வருடங்களில் அந்தக் காலத்திலும் மழை வரும். எப்படி?

இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் கொதிக்கிறது. ஆவி மேலே போகிறது. மூடியில் பட்டுக் குளிர்கிறது. மூடியைத் திறந்தால் உள்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மழையும் இதே மாதிரிதான். கடல் காற்றில் ஈரம் இருக்கிறது. பனிக்காலத்தில் சில சமயம் வங்கக் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று மேற்கே வீசும். அது மலையில் மோதும். மலை மேலே ஏறும். மேலே போகப் போகக் காற்று குளிரும். குளிர்ந்தால் ஈரம் சொட்டாக மாறும். மேகம் திரண்டு மழை பெய்யும்.

2021 ஜனவரியில் நடந்தது

2021ஆம் ஆண்டு ஜனவரி மாதம். முதல் பத்து நாட்களுக்குள் குடகிலும், பக்கத்து ஹாசன், சிக்கமகளூர் மாவட்டங்களிலும் மழை பிடித்துக்கொண்டது. அப்போது மார்கழி மாதம். யாரும் எதிர்பார்க்கவில்லை.

அதே மாதம் தமிழ்நாட்டிலும் மழை விடவில்லை. வழக்கமாக டிசம்பர் கடைசியோடு வடகிழக்குப் பருவமழை ஓயும். அந்த வருடம் ஜனவரி 19ஆம் தேதிதான் அது விலகியது. பொங்கல் நாட்களில் தாமிரபரணியில் வெள்ளம் ஓடியது. காவிரிப் படுகையில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. பொங்கல் பானையில் போடவேண்டிய புது நெல், வயலிலேயே முளைத்தது.

"மார்கழி மழை மண்ணுக்கு உதவாது" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நெல்லுக்கு அது சரி. காப்பிக்கும் அது சரிதான். ஏன் என்று பார்ப்போம்.

பழம் பறிக்கும் நேரத்தில் மழை

காப்பியில் இரண்டு வகை உண்டு. ஒன்று அராபிகா. மற்றொன்று ரோபஸ்டா. அராபிகாப் பழம் நவம்பர் முதல் ஜனவரி வரை பறிக்கப்படும். ரோபஸ்டாப் பழம் அதற்குப் பிறகு, மார்ச் வரைகூடப் பறிக்கப்படும். ஆகவே ஜனவரி என்றால் தோட்டத்தில் வேலை நெருக்கடியான நேரம். ஒரு பக்கம் செடியில் பழம். இன்னொரு பக்கம் களத்தில் காயும் பழம்.

பறித்த பழத்தைக் களத்தில் பரப்பிக் காய வைக்க வேண்டும். நல்ல வெயிலில் முழுப் பழம் காய 12 முதல் 15 நாள் ஆகும். அடிக்கடி கிளறிவிட வேண்டும். இரவில் குவித்து மூட வேண்டும், பனி படக்கூடாது. நன்றாகக் காய்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்குவார்கள். உள்ளே கொட்டை கலகலவென்று சத்தம் போட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்படிப் பத்து நாள் காய்ந்த பழத்தின்மேல் ஒரு மழை விழுந்தால் என்ன ஆகும்? பழம் திரும்ப ஈரத்தைக் குடிக்கும். பூஞ்சை பிடிக்கும். புளித்த வாடை வரும். நிறம் கெடும். அந்தக் காப்பிக்குச் சந்தையில் விலை குறையும். மிளகும் அப்படித்தான். பறித்து நாலைந்து நாள் வெயிலில் காயவேண்டிய மிளகு ஈரத்தில் கிடந்தால் பூசணம் பூக்கும்.

செடியில் இருக்கும் பழம் மட்டும் தப்பிக்குமா? தப்பிக்காது. பழுத்த பழம் தண்ணீரைக் குடித்து வெடிக்கும். உதிரும். சேற்றில் விழுந்த பழத்தைப் பொறுக்கினாலும் மண்வாடை போகாது.

இன்னொரு கஷ்டமும் உண்டு. ரோபஸ்டாச் செடியில் மொட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். மழை பட்டால் விழித்துக்கொள்ளும். பழத்தை இன்னும் பறிக்கவில்லை. அதற்குள் அதே கிளையில் பூ வந்துவிடும். இப்போது பழம் பறித்தால் பூ உதிரும். பூவைக் காப்பாற்ற நினைத்தால் பழம் வீணாகும். இந்த வருட வருமானத்தையும் அடுத்த வருட வருமானத்தையும் ஒரே கிளையில் வைத்து, "எது வேண்டும்?" என்று மழை கேட்கிறது.

நம் நாட்டில் காப்பி பயிரிடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். பெரிய எஸ்டேட் முதலாளிகள் கொஞ்சம் பேர்தான். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்களால் பழத்தைக் காய வைக்க இயந்திரம் வாங்க முடியாது. அவர்களுக்கு வெயில்தான் இயந்திரம்.

அதே மழை ஆறு வாரம் கழித்து வந்தால்?

இப்போது கதை மாறுகிறது. பழம் பறித்து முடிந்தது. களம் காலியாகிவிட்டது. மாசி மாதம். பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம். மலை காய்ந்து கிடக்கிறது. இலை வாடித் தொங்குகிறது. அப்போது ஒரு மழை வந்தால்?

அதற்குப் பெயர் பூ மழை. காப்பி விவசாயி வருடம் முழுவதும் எதிர்பார்ப்பது அந்த மழையைத்தான்.

காய்ந்த செடியில் மொட்டுகள் காத்திருக்கும். ஒரு அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை நல்ல மழை விழ வேண்டும். விழுந்த ஏழெட்டு நாளில், அதிகம் போனால் பத்து நாளில், தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி வாசனை வீசும். பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அதற்குள் காற்றும் தேனீயும் தங்கள் வேலையை முடிக்க வேண்டும். அராபிகா தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். ரோபஸ்டா அப்படி அல்ல. ஒரு செடியின் மகரந்தம் இன்னொரு செடிக்குப் போக வேண்டும். ஆகவே பூத்த நாளில் மழை பெய்யக்கூடாது. பெய்தால் தேனீ வராது. மகரந்தம் கரைந்துபோகும்.

மழை குறைவாகப் பெய்தாலும் ஆபத்து. தூறல் மட்டும் போட்டுவிட்டு நின்றால் மொட்டு பாதியில் விரிந்து கருகிவிடும். நல்ல மழை பெய்து பூத்த பிறகும் வேலை முடியவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை வேண்டும். அப்போதுதான் பிடித்த பிஞ்சு நிற்கும்.

பூ மழை வராவிட்டால், தண்ணீர் வசதி உள்ளவர்கள் குளத்திலிருந்தும் ஆற்றிலிருந்தும் மோட்டார் வைத்து இறைத்துத் தெளிப்பான் மூலம் செயற்கை மழை பெய்விப்பார்கள். வசதி இல்லாதவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"மாசி மின்னலில் மரம் தழைக்கும்" என்றும் நம் பெரியவர்கள் சொன்னார்கள். பாருங்கள், மார்கழி மழைக்கு ஒரு பழமொழி. மாசி மழைக்கு ஒரு பழமொழி. தண்ணீர் ஒன்றுதான். வந்த நாள்தான் வேறு.

மாசி மழையால் காட்டுக்கும் நன்மை. பிப்ரவரியில் நாகரஹொளே, பந்திப்பூர்க் காடுகளில் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். ஒரு தீப்பொறி போதும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பிடித்த தீயில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு எரிந்தது. அந்த நேரத்தில் ஒரு மழை பெய்திருந்தால் காட்டுக்கு அது காவல்காரனாக இருந்திருக்கும்.

கூலிக்காரர் கணக்கு

இதுவரை செடியின் கணக்கைப் பார்த்தோம். தோட்டக்காரர் கணக்கைப் பார்த்தோம். இப்போது பழம் பறிப்பவரின் கணக்கைப் பார்ப்போம்.

புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் பழம் பறிக்கப் போயிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பல தோட்டங்களில் பழம் பறிப்புக்கு எடைக்கணக்கில்தான் கூலி. எத்தனை கிலோ பறித்தார்களோ அத்தனைக்குப் பணம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 400 ரூபாய் கிடைக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மழையால் ஐந்து நாள் வேலை இல்லை.

400 ரூபாயை 2 ஆல் பெருக்கினால் 800. 800ஐ 5 ஆல் பெருக்கினால் 4,000.

நாலாயிரம் ரூபாய் போய்விட்டது. ஆனால் அந்த ஐந்து நாளும் அரிசி வாங்கியாக வேண்டும். விறகு நனைந்துவிட்டது. பிள்ளைக்குச் சளி. கடையில் கடன் ஏறுகிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அதுவும் கழியவில்லை. மழை ஐந்து நாளில் நின்றுவிடும். கடன் ஐந்து மாதம் நிற்கும்.

தோட்டக்காரருக்கும் நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மழையால் பயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 33 சதவீதத்துக்கு மேல் கெட்டுப்போனால், பேரிடர் நிவாரண விதிகளின்படி விவசாயி உதவி கேட்கலாம். அதற்கு நிலத்தின் ஆதாரம் வேண்டும். கர்நாடகத்தில் பஹணி. தமிழ்நாட்டில் சிட்டா, அடங்கல். பழம் பறிப்பவரிடம் பஹணி இருக்கிறதா? இல்லை. அவருடைய நஷ்டம் எந்த ஏட்டில் இருக்கிறது? எந்த ஏட்டிலும் இல்லை.

மழைக்கும் குளிருக்கும் பாதுகாப்பு பற்றிச் சட்டம் பேசவே இல்லையா? பேசியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் தொழிலாளர்களுக்குக் குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுப்பது பற்றி ஒரு பிரிவு இருந்தது. மாநில அரசு அதற்கு விதி செய்யலாம் என்று சொன்னது. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களுக்குத்தான் அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தியது. சிறு தோட்டத்தில் வேலை செய்தவர் அதற்கு வெளியே நின்றார். 2020ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்தப் பழைய சட்டமும் சேர்க்கப்பட்டது. உங்கள் தோட்டத்துக்கு எது பொருந்தும் என்று தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பது நம் உரிமை.

எழுதி வைத்தவர் கணக்கு நிற்கும்

இந்தப் பேச்சின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

குடகில் பழைய காப்பித் தோட்டங்களுக்குப் போனால் ஒரு விஷயத்தைப் பார்க்கலாம். திறந்த இடத்தில் மழைமானி வைத்திருப்பார்கள். தினமும் காலையில் அளந்து ஒரு நோட்டில் எழுதுவார்கள். அவர்கள் கணக்கு அங்குலத்திலும் சென்டிலும் இருக்கும். நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு அங்குலம். "நேற்று எழுபது சென்ட் பெய்தது" என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். தாத்தா எழுதிய நோட்டு, அப்பா எழுதிய நோட்டு என்று சில வீடுகளில் பல பத்து வருடக் கணக்கு இருக்கும்.

அந்த நோட்டால் என்ன லாபம்? பெரிய லாபம் உண்டு. "முன்பெல்லாம் இப்படிப் பெய்ததே இல்லை" என்று எல்லோரும் சொல்கிறோம். அது உண்மையா என்று நினைவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு வருட மழையை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. முப்பது வருடக் கணக்கை வைத்துத்தான் விஞ்ஞானிகள் ஒரு இடத்தின் காலநிலையைச் சொல்கிறார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்றிலிருந்து அவர்கள் செய்யும் முதல் வேலை, அளந்து எழுதி வைப்பது.

மழைக்கு நோட்டு இருக்கிறது. மழையால் போன வேலை நாளுக்கு நோட்டு இருக்கிறதா? அதை நாம்தான் எழுத வேண்டும். இப்போது நமக்கு எழுதத் தெரியும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கோடு போட்டு ஐந்து கட்டம் பிரியுங்கள். முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவதில் மழை உண்டா, இல்லையா. மூன்றாவதில் வேலை உண்டா, இல்லையா. நான்காவதில் எத்தனை கிலோ பறித்தோம். ஐந்தாவதில் எவ்வளவு பணம் வாங்கினோம், எவ்வளவு பாக்கி. தினமும் இரவு படுக்கப் போகும் முன் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு நிமிடம்தான்.

வாரக் கடைசியில் மேஸ்திரி கணக்குச் சொல்லும்போது நம் நோட்டையும் திறந்து வைக்கலாம். சண்டை போட வேண்டியதில்லை. "அண்ணே, என் நோட்டில் புதன்கிழமை 62 கிலோ என்று இருக்கிறது, உங்கள் நோட்டில் பாருங்கள்" என்று சொன்னால் போதும். நாலு பேர் நோட்டில் ஒரே மாதிரி இருந்தால் அந்தக் கணக்குக்குப் பலம் அதிகம். அடுத்த முறை கிராமப் பஞ்சாயத்துக் கூட்டத்திலோ சங்கக் கூட்டத்திலோ "மழையில் எங்களுக்கு எத்தனை நாள் வேலை போனது தெரியுமா?" என்று பேசும்போது, கையில் காகிதம் இருக்கும்.

வீட்டிலேயே மழையை அளக்கலாம்

மழையை அளப்பது கஷ்டமான வேலை அல்ல. வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள ஒரு தகர டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். அடி தட்டையாக இருக்க வேண்டும். மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். காற்றில் சாயாதபடி கல் அணைத்து வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு, பிள்ளையின் பள்ளிக்கூட ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் என்று பாருங்கள். நோட்டில் எழுதுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். வானிலைத் துறையும் காலை எட்டரை மணிக்குத்தான் கணக்கு எடுக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் என்ன? ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்தது என்று பொருள். அப்படியானால் ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர்? சுமார் ஒரு லட்சம் லிட்டர்! 15 லிட்டர் குடமாக இருந்தால் ஆறாயிரத்து அறுநூறு குடத்துக்கு மேல். ஒரு அங்குலப் பூ மழைக்கு விவசாயி ஏன் கும்பிடு போடுகிறார் என்று இப்போது புரிகிறதா?

மழை வாரத்தில் கவனிக்க வேண்டியவை

மலையில் மழை பிடித்தால் சில விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். உங்கள் சொந்தக்காரர்களுக்கு எழுதிப் போடுங்கள். போனில் சொல்லுங்கள்.

முதலாவது, ஏணி. மிளகு பறிக்க அலுமினிய ஏணி பயன்படுத்துகிறார்கள். தோட்டத்துக்குள் மின்சாரக் கம்பி போகும். ஏணி கம்பியில் பட்டால் உயிர் போய்விடும். குடகில் இப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள். கம்பி போகும் இடத்தில் அலுமினிய ஏணியை நிமிர்த்தவே கூடாது. மூங்கில் ஏணியாக இருந்தாலும் நனைந்திருந்தால் ஆபத்து. ஈர மரம் வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, இடி. மாசி, பங்குனி மழை இடியோடு வரும். இடி கேட்டால் மரத்தடியில் நிற்கக் கூடாது. நிழல் மரம் மழைக்குக் குடை மாதிரி தெரியும். மின்னலுக்கு அதுவே வழி. நல்ல கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

மூன்றாவது, கரி அடுப்பு. குளிருக்கு அறைக்குள் கரி மூட்டிக் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது. கரியிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

நான்காவது, மண்சரிவு. 2018 ஆகஸ்டில் குடகில் மலை சரிந்து வீடுகளும் தோட்டங்களும் மண்ணுக்குள் போயின. அது பெருமழைக் காலத்தில் நடந்தது. பனிக்கால மழை பெரும்பாலும் அவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனாலும் சரிவில் புது வெடிப்பு தெரிந்தால், மரம் திடீரென்று சாய்ந்தால், ஊற்று கலங்கிய தண்ணீராக வந்தால், அங்கே இருக்கக் கூடாது. உடனே பஞ்சாயத்துக்குச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, முன்னறிவிப்பு. வானிலைத் துறையின் அறிவிப்பு வானொலியில் வருகிறது, பத்திரிகையில் வருகிறது. கைப்பேசியில் 'மேக்தூத்' என்ற செயலி 2019இல் வந்தது. விவசாயிகளுக்கான வானிலைச் செய்தியை மாநில மொழிகளிலும் தருவதற்காக அதைக் கொண்டுவந்தார்கள். நாளை மழை என்று இன்றே படித்துத் தெரிந்துகொண்டால் களத்துப் பழத்தைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடலாம். முன்பு யாராவது படித்துச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தோம். இனி நாமே படிக்கலாம். பக்கத்து வீட்டுக்கும் படித்துச் சொல்லலாம்.

முடிவாக ஒரு சொல்

மழையை நிறுத்த நம்மால் முடியாது. வரவழைக்கவும் முடியாது. மார்கழியில் வரும், மாசியில் வராமல் போகும். ஆனால் வந்த மழையை அளக்கலாம். போன நாளைக் கணக்குப் பார்க்கலாம். இரண்டையும் எழுதி வைக்கலாம். எழுதாத நஷ்டத்தை யாரும் நஷ்டமாக எடுத்துக்கொள்வதில்லை.

நீங்கள் குடிக்கும் ஒரு டம்ளர் காப்பிக்குள் ஒரு பூ மழை இருக்கிறது. பனியில் நின்று பழம் பறித்த ஒரு பெண்ணின் கை இருக்கிறது. மழையால் அவள் இழந்த நாட்களும் இருக்கின்றன. அந்த நாட்களை அவளே தன் கையால் எழுதி வைக்கும் காலம் வர வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து அது தொடங்கட்டும். இன்று இரவே ஒரு நோட்டை எடுங்கள். தேதி போடுங்கள். முதல் வரியை எழுதுங்கள்.



கலந்து பேசுவோம்

1. பனிக்கால மழையால் உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ வேலை போனதுண்டா? எத்தனை நாள்?

2. மார்கழி மழை காப்பிக்கு ஏன் ஆகாது? மாசி மழை ஏன் நல்லது?

3. ஒரு நாள் கூலி 350 ரூபாய். மூன்று பேருக்கு நான்கு நாள் வேலை இல்லை. மொத்தம் எவ்வளவு நஷ்டம்? நோட்டில் போட்டுப் பாருங்கள்.

4. மலையில் வேலை செய்யும் ஒருவருக்கு, மழை நாளில் கவனமாக இருக்கச் சொல்லி ஐந்து வரிக் கடிதம் எழுதுங்கள்.